எம்பிராய்டரி சரி, இடம் தவறு

கார் டீட்டெய்லிங் கடைக்கு யூனிஃபார்ம் எடுக்கும்போது பேச்சு பெரும்பாலும் நிறத்திலும் விலையிலும்தான் ஓடுகிறது. கறுப்பா, நீலமா? பீஸ் என்ன விலை? எத்தனை பீஸுக்கு மேல் எடுத்தால் குறைப்பார்கள்? லோகோ எங்கே வர வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இடது மார்பில், மூன்றரை அங்குல அகலத்தில், எம்பிராய்டரி. கேட்காமலே முடிவாகிவிட்ட இந்த விஷயத்தைத்தான் எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கோவையில் ஆறு பேர் வேலை செய்யும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வாசலில் வாட்டர் வாஷ். உள்ளே பாலிஷும் செராமிக் கோட்டிங்கும் நடக்கிற இரண்டு கார் இடம். முன்னால் ஒரு கவுன்டர், அதில் பில் போடவும் வாடிக்கையாளரிடம் பேசவும் ஒருவர். திருப்பூர் ஐம்பது கிலோமீட்டர் தூரம். துணிக்கோ எம்பிராய்டரி மெஷினுக்கோ பஞ்சமில்லை. கேட்டால் கேட்டபடி செய்து கொடுப்பார்கள். ஆகவே தப்பு நடந்தால் அது கேட்டவர் தப்பு.

வேலைச் சட்டையை மதிப்பிட முதலில் எது முக்கியம், எது அப்புறம் என்ற வரிசை வேண்டும். வெல்டரின் சட்டை தீப்பொறி தாங்க வேண்டும். ஹோட்டல் சப்ளையரின் சட்டை சுத்தமாகத் தெரிய வேண்டும். டீட்டெய்லிங் செய்பவரின் சட்டை காரைக் கெடுக்கக் கூடாது, அதுதான் முதல். கெமிக்கலையும் அடிக்கடி துவைப்பதையும் தாங்குவது இரண்டாவது. ஏப்ரல், மே வெக்கையில் போட்டிருப்பவரை வாட்டாமல் இருப்பது மூன்றாவது. தோற்றமும் விலையும் அதற்குப் பின்னால்தான் வரும். தோற்றத்தை நான்காவதாகத் தள்ளுவதைக் கடைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கோட்டிங் போட வருகிறவர், அழுக்கு பனியன் போட்ட ஆளிடம் சாவியைக் கொடுக்கத் தயங்குவார் என்பார்கள். நியாயமான பேச்சு. ஆனால் அவர் வீட்டுக்குப் போய் டார்ச் அடித்துப் பார்க்கப் போவது தன் பானட்டை.

அந்த பானட்டில் நாம் காப்பாற்ற வேண்டியது எவ்வளவு மெல்லியது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் சாதாரணமாக நாற்பது, ஐம்பது மைக்ரான் அளவுதான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. கறுப்புக் காரில் வெளிச்சம் பட்டதும் சிலந்தி வலைபோலத் தெரியும் ஸ்வர்ல் கோடுகள் எல்லாம் இந்த அடுக்கில் விழுந்தவை. அவற்றை எடுக்கப் போடும் ஒவ்வொரு கட்டிங்கும் பாலிஷும் இதே அடுக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. இந்தத் தொழிலின் ஒழுக்கம் முழுவதும் இதிலிருந்து வந்ததே. கீழே விழுந்த மைக்ரோஃபைபர் துணியைத் திரும்பக் காரில் வைக்கக் கூடாது. மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் கழற்ற வேண்டும். வீலுக்குத் தனித் துணி, பாடிக்குத் தனித் துணி. இவ்வளவு சொல்லிக்கொடுக்கும் அதே கடை, நெஞ்சில் முண்டும் முடிச்சுமான ஒரு நூல் மேட்டைத் தைத்துப் பையன்களை வண்டிமேல் சாய அனுப்புகிறது.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், அது பலமானதும்கூட. எம்பிராய்டரி நூல் வெறும் பாலியெஸ்டர்தானே, அது எப்படிக் கிளியர் கோட்டைக் கீறும்? சுத்தமான நூல் லேசாகத் தொட்டால் கீறாது, அதை ஒப்புக்கொள்கிறேன். கீறுவது நூல் பிடித்து வைத்திருக்கும் பொருள். எம்பிராய்டரியில் எழுத்தும் கோடும் சாட்டின் தையலால் ஆனவை: நூல்கள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாகப் படுத்து, துணியின் மட்டத்துக்கு மேலே ஒரு வரப்பாக நிற்கும். நூலுக்கும் நூலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் தெருப் புழுதி உட்காரும். புழுதியில் இருக்கும் மணல் குவார்ட்ஸ். கிளியர் கோட்டைவிடப் பல மடங்கு கடினம். கட்டிங் காம்பவுண்டில் தேய்க்கும் பொருளாகப் பெரும்பாலும் இருப்பது அலுமினியம் ஆக்சைடு, அது மணலையும் மிஞ்சும். பஃபிங் மெஷின் சுற்றும்போது தெறிக்கும் அந்த வெள்ளைத் துளிகள் முதலில் விழுவது மெஷின் பிடித்திருப்பவரின் நெஞ்சில். வழவழப்பான துணியில் விழுந்தால் தட்டினால் போகும். வரப்புக்குள் விழுந்தால் காய்ந்து அங்கேயே தங்கும்.

செராமிக் கோட்டிங் இன்னும் மோசம். அது காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து இறுகும் பொருள். கோட்டிங் துடைத்த துணியைத் துவைத்து மறுபடி பயன்படுத்தாமல் தூக்கிப் போடுவதற்குக் காரணம், இறுகிய பிறகு அந்தத் துணியே கீறும் என்பதுதான். துணிக்கு இருக்கும் இந்த விதி சட்டைக்கு ஏன் இல்லை?

அடுத்த எதிர்வாதம்: ஒழுங்காக வேலை தெரிந்தவன் உடம்பைக் காரில் படவிட மாட்டான். ஸ்விஃப்ட், ஐ10 போன்ற வண்டிகளுக்கு இது ஓரளவு உண்மை. இன்னோவா கிரிஸ்டாவைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். உயரம் 1,795 மில்லிமீட்டர், அகலம் 1,830. கூரையின் நடுக்கோடு ஓரத்திலிருந்து ஏறக்குறைய மூன்றடி தள்ளி இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறினாலும் கை மட்டும் அங்கே போகாது. நெஞ்சும் வயிறும் கூரை விளிம்பில் படாமல் அந்த இடத்தைப் பாலிஷ் செய்ய முடியாது. பானட்டின் நடுப்பகுதிக்கும் இதே கதைதான். உடம்பில் காரைத் தொடும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துப் பார்த்தால், நெஞ்சு, மேல்வயிறு, முன்கை, இடுப்பு. இதில் லோகோ வைக்க நாம் தேர்ந்தெடுத்திருப்பது நெஞ்சு!

இந்தப் பழக்கம் கார் பட்டறையில் பிறந்ததல்ல. காலர் வைத்த பிக்கே டி-ஷர்ட் டென்னிஸ் மைதானத்துப் பிள்ளை. பிரெஞ்சு ஆட்டக்காரர் ரெனே லகோஸ்ட் 1933இல் ஆந்த்ரே ஜில்லியே என்பவரோடு சேர்ந்து கம்பெனி தொடங்கி, மார்பில் முதலை பதித்த சட்டையை விற்றார். எதன்மேலும் சாயாத விளையாட்டுக்காரனின் உடை அது. அங்கிருந்து கோல்ஃப், ஆபீஸ், பெட்ரோல் பங்க், கடைசியில் டீட்டெய்லிங் என்று அப்படியே நகர்ந்து வந்துவிட்டது. அமெரிக்காவில் கார் பட்டறைக்கென்றே தைக்கும் சட்டைகளில், பொத்தான் வண்டியைக் கீறக் கூடாது என்று பொத்தான் வரிசையை மேல்துணியால் மூடித் தைப்பார்கள். அந்த அளவுக்கு யோசித்தவர்களும் அதே சட்டையின் மார்பில் கடைப் பெயரை எம்பிராய்டரி போட்டுத்தான் தருகிறார்கள். பழக்கம் யோசனையை வெல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, எம்பிராய்டரியையே விட்டுவிடலாமா? மாற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

ஸ்டிக்கர் என்று சொல்லப்படும் ஹீட் டிரான்ஸ்ஃபர் வினைலைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வேலைச் சட்டைக்குப் போடும் துவையலில் விளிம்பு தூக்கும், பிறகு உரியும். பாதி உரிந்த பெயரோடு ஒருவர் நிற்பதைவிடப் பெயரில்லாமல் நிற்பது மேல்.

ஸ்கிரீன் பிரிண்ட்டை அப்படித் தள்ள முடியாது. வழவழப்பாக இருக்கும், வரப்பு இல்லை, விலை குறைவு. ஆனால் அதற்கு வழக்கமாகப் போடும் பிளாஸ்டிசால் மை என்பது அடிப்படையில் பி.வி.சி.யும் அதை நெகிழ வைக்கும் எண்ணெயும் சேர்ந்தது. தார் எடுக்கும் சால்வென்ட் பட்டால் இளகும், பிசுபிசுக்கும். டீட்டெய்லிங் கடையில் நெஞ்சுப் பக்கம் சால்வென்ட் படாத நாள் குறைவு. ஆகவே முன்பக்கத்தில் பிரிண்ட்டும் தோற்கிறது. அதோடு பெரிய கட்டமாக அடித்த பிரிண்ட் காற்றை அடைக்கும். அதன் கீழே வியர்வை தேங்கும்.

உண்மையான போட்டி சப்ளிமேஷன். இதில் சாயம் ஆவியாகி நூலுக்குள்ளேயே போய்விடுகிறது. தடவிப் பார்த்தால் எதுவும் தட்டுப்படாது. உரியாது, வெடிக்காது, சால்வென்ட்டுக்கு அசையாது. நான் வைத்த முதல் இரண்டு அளவுகோலிலும் எம்பிராய்டரியைவிட இதற்கே மதிப்பெண் அதிகம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. விழுவது மூன்றாவதில். சப்ளிமேஷன் நன்றாகப் பிடிப்பது வெளிர் நிற பாலியெஸ்டரில் மட்டும்தான்; பருத்தி கலந்தால் பிடிப்பு குறையும். முழு பாலியெஸ்டர் ஜெர்சியை நம் ஊர் வெயிலில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை போட்டிருப்பது கிரிக்கெட் ஆடுவது போன்றதல்ல. பருத்தி நார் தன் எடையில் எட்டு சதவீதத்துக்கும் மேலாகக் காற்றின் ஈரத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. நாற்றமும் உண்டு. பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 26 பேரைத் தீவிரமாக சைக்கிள் மிதிக்க வைத்து அவர்களுடைய டி-ஷர்ட்டுகளை முகர்ந்து சோதித்தபோது, பருத்தியைவிட பாலியெஸ்டரிலேயே நாற்றம் தூக்கலாக இருந்தது. இது போட்டிருப்பவருக்கு மட்டுமான தொல்லை அல்ல. இன்டீரியர் கிளீனிங்குக்காக அதே ஆள் கதவை மூடிக்கொண்டு காருக்குள் ஒரு மணி நேரம் உட்காரப் போகிறார். வாடிக்கையாளர் அடுத்து அதே சீட்டில் உட்காரப் போகிறார்.

வாட்டர் வாஷ் பகுதியில் மட்டும் வேலை செய்பவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். நாள் முழுக்க நனைகிறவருக்குச் சீக்கிரம் காயும் பாலியெஸ்டரே சுகம். அவருக்கு சப்ளிமேஷன் ஜெர்சி எடுத்துக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பாலிஷ் பகுதியில் இருப்பவருக்குப் பருத்தி கலந்த துணிதான் என்று முடிவானால், அதில் பெயர் நிலைக்க எம்பிராய்டரியைவிட நல்ல வழி இல்லை. நூலின் நிறம் துவையலில் மங்காது, ஆசிட் கலந்த வீல் கிளீனரோ, காரமான ஆல்-பர்ப்பஸ் கிளீனரோ தெறித்தாலும் சட்டைத் துணி போகுமே தவிர நூல் நிற்கும். ஆக, எம்பிராய்டரி இருக்கட்டும், நெஞ்சை விட்டு நகரட்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறோம்.

எங்கே நகர்த்துவது? கை மேல்பகுதி முதலில் தோன்றும். கதவுக்குள் நுழையும்போது தோள்பட்டை பில்லரில் உரசும் என்பதால் அது அரைகுறைத் தீர்வு. ஏப்ரன் போட்டு நெஞ்சை மறைக்கலாம் என்பார்கள் சிலர். மறைக்கத்தான் போகிறோம் என்றால் அங்கே லோகோ எதற்கு? தவிர, மே மாதத்தில் சட்டைக்கு மேல் ஏப்ரனையும் மாட்டிக்கொண்டு பஃபிங் செய்யச் சொல்வது எளிது. முதலாளி நகர்ந்ததும் அது ஆணியில் தொங்கும்.

மிஞ்சுவது முதுகு. காலருக்குக் கீழே, இரண்டு தோளுக்கும் நடுவே உள்ள யோக் பகுதி. காரை அது தொடுவதில்லை. காம்பவுண்டும் கோட்டிங்கும் அங்கே தெறிப்பதில்லை. இன்னொன்றும் உண்டு, அதைக் கவனிப்பவர்கள் குறைவு. காத்திருக்கும் வாடிக்கையாளர் கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கும்போது அவருக்குத் தெரிவது என்ன? காரின்மேல் குனிந்திருக்கும் ஆட்களின் முதுகு. மார்பு லோகோ பார்த்துக்கொண்டிருப்பது பானட்டை. விளம்பரக் கணக்கில் பார்த்தாலும் முதுகுதான் நல்ல இடம்.

முதுகு என்றதும் முழு முதுகுக்கும் எம்பிராய்டரி போடச் சொல்லிவிடக் கூடாது. ஒரு சிறிய பெயருக்கு ஐந்தாயிரம், ஆறாயிரம் தையல் ஆகும்; மெஷின் நிமிடத்துக்கு எழுநூறு தையல் ஓடினால் எட்டு ஒன்பது நிமிட வேலை. முழு முதுகு டிசைன் அறுபதாயிரம் தையல் வரை போகும், ஒரு சட்டைக்கு ஒன்றரை மணி நேரம். எம்பிராய்டரிக்குத் தையல் எண்ணிக்கை வைத்துத்தான் காசு, ஆகையால் விலை பத்து மடங்கு. அதைவிட, முதுகில் அட்டை கட்டியதுபோல விறைப்பாக நிற்கும். நாலு அங்குல அகலத்துக்குள் கடைப் பெயர் மட்டும், ஒரே நிற நூலில். கார் படம், பளபள நட்சத்திரம், போன் நம்பர் எதுவும் வேண்டாம். தூரத்திலிருந்து பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் அதற்குக் கீழே பெயரை எழுத்தாக மட்டும் பிக்மென்ட் பிரிண்ட் அடித்துக்கொள்ளலாம். முதுகில் சால்வென்ட் படாததால் முன்னே சொன்ன குறை இங்கே கிடையாது.

எம்பிராய்டரி யூனிட்டில் கேட்டு வாங்க வேண்டியவை சில. நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். ரேயான் பளபளப்பாக இருக்கும், நனைந்தால் வலு குறையும், பிளீச் பட்டால் நிறம் போகும். தங்க நிறம் வேண்டுமென்று ஜரிகை நூல் கேட்கிறவர்கள் உண்டு. காரை அழகாக்கும் கடைக்கு உலோகப் பூச்சு நூலில் சட்டை என்பது நகைச்சுவை. பஞ்சிங், அதாவது டிசைனைத் தையலாக மாற்றும் வேலை, ஒரு தடவைச் செலவு. அதைப் பின்னல் துணிக்கென்று செய்யச் சொல்ல வேண்டும். நெய்த துணிக்குப் போட்ட பஞ்சிங்கை இழுபடும் பிக்கேவில் ஓட்டினால் சுற்றிலும் துணி சுருங்கும். உள்ளே வைக்கும் பேப்பர், கிழித்தெடுக்கும் ரகமாக இல்லாமல் வெட்டி விடும் ரகமாக இருந்தால்தான் பல துவையலுக்குப் பிறகும் எழுத்து நேராக நிற்கும். அதன் கரடு முதுகில் குத்தும் என்பது முதுகு எம்பிராய்டரியின் நிஜமான குறை. மென்மையான ஒட்டுத் துணி ஒன்றை மேலே வைத்து அயர்ன் செய்து மூடச் சொல்லுங்கள். சில ரூபாய்தான் கூடும்.

பெயரைத் தமிழில் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆங்கிலப் பெரிய எழுத்து ஐந்து மில்லிமீட்டர் உயரத்திலும் வாசிக்கும்படி வரும். நம்முடைய ‘ண’வுக்கும் ‘ஞ’வுக்கும் உள்ள சுழிகள் அந்த உயரத்தில் நூலால் அடைபட்டு வெறும் உருண்டையாகிவிடும். குறைந்தது அதைப்போல் இரண்டு மடங்கு உயரம் கொடுக்க வேண்டும். யோக்கில் அதற்கு இடம் உண்டு, மார்பில் இல்லை.

துணியில் நான் ஆந்த்ரா மெலாஞ்ச் என்ற அடர் சாம்பல் பக்கம் சாய்கிறேன். கறுப்பில் காம்பவுண்ட் துளி வெள்ளை வெள்ளையாகத் தெரியும். வெளிர் நிறத்தில் டயர் அழுக்கு தெரியும். அடர் சாம்பலில் இரண்டும் அடங்கும். நூற்பதற்கு முன்பே நாருக்குச் சாயம் ஏற்றிச் செய்வது மெலாஞ்ச் நூல். அடர் நீலமும் சிவப்பும் மலிவுச் சாயத்தில் வந்தால் வியர்வையில் கசிந்து வெளிர் நிற லெதர் சீட்டில் ஏறும் அபாயம் உண்டு. மெலாஞ்சில் அந்தக் கவலை குறைவு. 200 ஜி.எஸ்.எம். அளவில் பருத்தி-பாலியெஸ்டர் கலப்பு, பயோ வாஷ் செய்தது. பயோ வாஷ் என்சைம் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு நாரைத் தின்றுவிடும். இல்லாவிட்டால் அந்த நார்தான் பெயின்ட்டைக் காக்கும் பி.பி.எஃப். ஃபிலிம் ஒட்டும்போது அதற்கு அடியில் போய் உட்கார்ந்து உயிரை வாங்கும். கழுத்துப் பொத்தான் வேண்டவே வேண்டாம், காலர் வைத்தாலும் வி வடிவில் தைத்து விடலாம். மார்பில் பாக்கெட்டும் கூடாது. பாக்கெட் இருந்தால் பேனா இருக்கும்.

ஆளின் பெயரையும் சட்டையில் போடலாமா என்று கேட்பார்கள். ஆள் நிலைத்து நிற்கும் தொழிலாக இது இன்னும் ஆகவில்லை. வந்தவர் ஆறு மாதத்தில் வேறு கடைக்குப் போனால் பெயர் போட்ட மூன்று சட்டையும் வீண். அப்படியும் ஒருவர் சில வருடம் நின்றுவிட்டால், அவருக்குப் பெயர் போட்டுக் கொடுப்பது நல்ல மரியாதை. அதையும் முதுகிலேயே.

கவுன்டரில் இருப்பவர் விதிவிலக்கு. அவர் காரின்மேல் சாய்வதில்லை, வாடிக்கையாளர் பார்ப்பது அவர் முகத்தையும் மார்பையும்தான், வண்டி டெலிவரி போட்டோவில் சாவியோடு நிற்பதும் அவர்தான். அவருக்கு இடது மார்பில் எம்பிராய்டரி போட்ட காலர் டி-ஷர்ட் முழுக்கப் பொருத்தம். ஆனால் சனி, ஞாயிறு கூட்டத்தில் அவரையும் துணியெடுத்துத் துடைக்கக் கூப்பிடுகிற கடையாக இருந்தால், அவருக்கும் உள்ளே இருப்பவர்களின் சட்டைதான்.

என் தீர்ப்பை அப்படியே நம்பச் சொல்லவில்லை. ஸ்கிராப் கடையில் கறுப்பு பானட் ஒன்று வாங்கி, பாதியைப் பாலிஷ் செய்து பளபளப்பாக்குங்கள். ஏற்கெனவே சில மாதம் உழைத்த உங்கள் பழைய சட்டையின் லோகோவை அதில் ஒரு பக்கமும், அதே சட்டையின் வெறும் துணியை இன்னொரு பக்கமும் வைத்து, ஒரே அழுத்தத்தில் இருபது முறை இழுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் மார்பிலேயே போட்டுக்கொள்ளலாம். தெரிந்தால் அடுத்த ஆர்டரில் யூனிட்காரரிடம் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். அதே தையல், அதே பஞ்சிங், உள்ளே மூடும் ஒட்டுத் துணிக்கான சில ரூபாய்தான் கூடும்.